சனிக்கிழமைத் துவக்கு

"கறித்தூள் போத்தல் எங்க?"

கதிர்காமநாதன் குசினி அலுமாரிக்குள் தலையை விட்டபடி கேட்டார். பாலாம்பிகை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"கள்ளன் எடுத்திட்டான்."

இதைவிட நல்ல பொய்கள் எத்தனையோ இருந்தன. போத்தல் கைதவறி உடைந்தது என்றிருக்கலாம். வண்டு பிடித்தது, கொட்டிவிட்டேன் என்றிருக்கலாம். சொல்லி முடித்த பிறகுதான் அவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வந்து என்ன பிரயோசனம்?

"கள்ளனோ?"

"ஓம். கெல்லர் கதவு திறந்து கிடந்தது."

வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையை ஜேர்மனியின் இந்த ஹம் பட்டினத்துத் தமிழர்கள் எல்லோரும் கெல்லர் என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துப் பக்கமாக ஏழு படி இறங்கினால் அதற்குத் தனிக் கதவு ஒன்று உண்டு.

கதிர்காமநாதன் தலையை வெளியே எடுத்தார். "வேற என்ன கொண்டு போனவன்?"

"ஒடியல் மா ஒரு பக்கெற். கொஞ்சம் நெத்தலிக் கருவாடு."

"நகை?"

"நகையைத் தொடேல்லை."

"சமைக்கிற கள்ளன் போல" என்றார் அவர். மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கேட்கிற குரலில் சொன்னார்: "அப்ப ஒரு துவக்கு வாங்க வேணும்."

துவக்கென்றால் துப்பாக்கி. பாலாம்பிகையின் கையில் இருந்த மா அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கள்ளனை அவள்தான் பத்து மாதம் சுமந்து பெற்றவள். பெயர் சுலோஜனா. போன வருஷம், அதாவது 2005இல், பான் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் அல்பேர்ட் என்ற பொடியனைக் கலியாணம் செய்துகொண்டாள். அல்பேர்ட் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆனால் வேதக்காரப் பிள்ளை. கதிர்காமநாதனோ ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிற ஆள். இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அல்பேர்ட்டின் தகப்பன் மரியரட்ணமும் இவரும் ஒரே பாண் சுடுகிற தொழிற்சாலையில் அடுத்தடுத்த மெஷினில் நிற்கிறவர்கள். கலியாணத்தோடு அவர்களுக்குள் பேச்சும் நின்றுபோனது.

"இனி நீ இந்த வீட்டு வாசப்படி மிதிக்கப்படாது" என்று மகளிடம் சொல்லிவிட்டார். சொன்னதைத் திருப்பி எடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

சுலோஜனா தகப்பனின் சொல்லைத் தட்டவில்லை. வாசற்படியை மிதிக்கவில்லை. கெல்லர் படியால் வந்தாள். சனிக்கிழமைகளில் தகப்பன் சாமான் வாங்கப் போகிற நேரம் பார்த்து, பானிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் ரயிலில் வந்து, தாயோடு பத்து நிமிஷம் இருப்பாள். அதற்கு மேல் இருக்கப் பயம். அவர் எப்போது திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? போகும்போது தாய் கையில் கிடைத்ததைப் பையில் திணித்துவிடுவாள். அன்று கிடைத்தது கறித்தூள் போத்தல்.

அடுத்த சனிக்கிழமை கதிர்காமநாதன் புது சேர்ட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

"ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு வேட்டைச் சாமான் கடை இருக்கு. ஹெர் ப்றிங்க்மான் எண்டு ஒரு கிழவன். சனிக்கிழமை ரெண்டு மணிக்குத்தான் எனக்கு வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறான். நாலு மணிக்குக் கடை பூட்டுவினம். அதுக்கு முன்னம் வரமாட்டன்."

"ஒவ்வொரு சனியுமோ?"

"துவக்கெண்டா சும்மாவே? எல்லாம் தெரிஞ்செடுக்க வேணும்."

அன்றைக்கு சுலோஜனா முழுதாக ஒன்றரை மணித்தியாலம் இருந்தாள். தாயின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கூட எழும்பினாள். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"நான் இப்ப வெளிக்கிடுறன். பால் வேணுமோ?" என்றார் கதிர்காமநாதன்.

"வேண்டாம்" என்று சொல்லிப் பாலாம்பிகை போனை வைத்தாள். மகள் கெல்லர் வழியாக இறங்கிப் போய்விட்டாள். மனுஷன் தானாகவே போன் எடுத்துச் சொன்னது அம்மனின் கருணை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்படி இரண்டு மணித்தியாலம் கிடைத்தது பெரிய சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு துவக்கு இருந்தது. ஒரு நாள் இந்த மனுஷன் துவக்கும் கையுமாக நாலு மணிக்கு முன்னமே, வேளைக்கே வந்து, கெல்லருக்குள் அரவம் கேட்டுச் சுட்டுவிட்டால்?

"துவக்கு எப்ப வரும்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"அன்ட்ராக் போட்டிருக்கு. முதல்ல சுடுற கிளப்பில ஒரு வருஷம் இருக்க வேணுமாம். பேந்து சோதினை. பேந்து கடிதம். ஜேர்மன்காரன்தானே, உமக்குத் தெரியாதே?"

அவளுக்குத் தெரியும். அகதி அன்ட்ராக்குக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு, பதில் வர ஏழு வருஷம் காத்திருந்தவள். இந்த நாட்டில் கடிதம் வரவில்லை என்று யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள்.

"அதுக்கிடையில சைற்றையும் லைற்றையும் தெரிவம்" என்றார் அவர்.

சைற் என்றால் துவக்கு நுனியில் குறி பார்க்கிற சாமான். அதில் இத்தனை வகை இருக்கிறதென்று பாலாம்பிகைக்கு அதுவரை தெரியாது. முதலில் வந்தது ஒரு சின்னப் பித்தளை மணி, மிளகளவுதான் இருக்கும். மாதிரிக்கு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் சம்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன சொல்லுறீர்? இது காணுமோ?"

காணும், போதும் என்று சொன்னால் தெரிவு முடிந்துவிடும். தெரிவு முடிந்தால் துவக்கு வந்துவிடும். மகளுக்காக அன்று பாலாம்பிகை துவக்கு நிபுணியானாள்.

"உங்கட கண்ணாடிக்கு இது தெரியுமே? மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி வாசிக்க. குனிஞ்சு மணியைப் பார்த்தா கள்ளன் தெரியான். நிமிர்ந்து கள்ளனைப் பார்த்தா மணி தெரியாது."

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உண்மைதான். அப்ப இன்னும் ரெண்டு மூண்டு கிழமை போய்ப் பார்க்கத்தான் வேணும்" என்றார். அவர் முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை.

அடுத்தது பச்சை நிறத்தில் தானாக மினுங்குகிற மணி. "வெளிச்சத்திலதானே மினுங்குது? கள்ளன் இருட்டிலதானே வருவான்?" என்று அதைத் திருப்பி அனுப்பினாள். பிறகு வட்ட ஓட்டை வைத்த இரும்பு வளையம். "இதுக்குள்ளால பார்க்க உங்களுக்குத் தலைசுத்து வரும்." அதன் பிறகு கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி விழுகிற விலை கூடின சாமான். பாலாம்பிகை அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். புள்ளி நேரே போய்ச் சாமிப் படத்து அம்மனின் நெற்றியில் விழுந்தது. சட்டென்று கீழே வைத்தாள்.

"இதுக்கு பற்றரி வேணுமே?"

"ஓம், சின்ன பற்றரி."

"கள்ளன் நிக்கேக்குள்ள பற்றரி முடிஞ்சா ஆரிட்டக் கேக்கிறது? அவனிட்டயோ?"

ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில், பக்கத்துத் தெருக் கணேசலிங்கத்தின் மனைவி புதுத் தங்கச் சங்கிலியைக் காட்டிக் கள்ளர் பயம் என்று முறையிட்டபோது, பாலாம்பிகை தன்னை அறியாமல் சைற் வகைகளைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் வகுப்பு எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் பலகாரத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தப் பெண்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

சைற் இழுபட்டுக்கொண்டிருக்க, லைற் கதை தொடங்கியது.

"துவக்கில லைற் பூட்ட இந்த நாட்டில சட்டம் விடாதாம்" என்றார் கதிர்காமநாதன். பாலாம்பிகைக்கு உயிர் வந்தது. அது அடுத்த வசனம் வரைக்கும்தான் நின்றது. "அதால நீர்தான் ரோச் பிடிக்க வேணும்."

"நானோ?"

"நான் குறி பார்க்கேக்குள்ள நீர் கள்ளன்ர முகத்துக்கு அடிக்கிறீர். வாரும், பழகுவம்."

துவக்குக்குப் பதில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. அவர் அதைத் தோளில் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து போகிற கெல்லர் படியில் முன்னே இறங்கினார். இவள் கையில் நீட்டு ரோச் விளக்கோடு பின்னால் போனாள். கெல்லர் கதவுப் பக்கம் மட்டும் வெளிச்சம் படக்கூடாது என்பது அவளுடைய குறி. அன்று மத்தியானம்தான் சுலோஜனா வந்து போயிருந்தாள். என்ன தடயம் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்? ஆகவே கூரைக்கு அடித்தாள், உடுப்பு மெஷினுக்கு அடித்தாள், கடைசியில் கணவனின் கண்ணுக்கே அடித்தாள். கதிர்காமநாதன் கண்கூசித் திரும்பியதில் தும்புத்தடி தட்டி ஊறுகாய்ப் போத்தல்கள் மூன்று சரிந்து விழுந்தன.

"உம்மோட கள்ளனைப் பிடிக்கேலாது" என்றார் அவர், எலுமிச்சங்காய்க்கு நடுவில் நின்றபடி.

அதற்குப் பிறகுதான் வெளியே கெல்லர் படிக்கு மேல் ஒரு லைற் பூட்டினார். ஆள் வந்தால் தானாகப் பற்றும். மஞ்சள் வெளிச்சம், கண்ணைக் குத்தாது.

"கள்ளனுக்கு என்னத்துக்கு இவ்வளவு இதமான லைற்?" என்று பாலாம்பிகை கேட்டாள்.

"முகம் வடிவாத் தெரிய வேண்டாமே?"

மார்கழியில் பனி கொட்டியது. கெல்லர் படி கண்ணாடிபோல் உறைந்தது. அந்தக் குளிருக்குள் கதிர்காமநாதன் சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கே எழுந்துபோய் ஏழு படிக்கும் உப்புத் தூவினார். ஒரு கைப்பிடியும் வாங்கிவந்து சுவரில் துளைபோட்டுப் பூட்டினார்.

"உங்களுக்கென்ன விசரோ? கள்ளன் விழுந்தா விழட்டுமே."

"உமக்கு இந்த நாட்டுச் சட்டம் தெரியாது. எங்கட படியில சறுக்கி விழுந்து கால் முறிஞ்சா கள்ளனே எங்களில வழக்குப் போடுவான்."

அதையும் நம்பினாள். அப்போது சுலோஜனாவுக்கு ஆறாம் மாதம். கைப்பிடி உதவியாக இருக்கிறது அம்மா என்று அவள் சொன்னபோது, தன் புருஷனின் விசர் ஒரு வகையில் பிள்ளைக்கு உதவுகிறதே என்று தாய் நிம்மதிப்பட்டுக்கொண்டாள்.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். நிருபமா என்று பெயர். பாலாம்பிகை பேத்தியை ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தூக்கி வைத்திருந்தாள். மிச்ச ஆறு நாளும் வெறும் கை. கையில் பால்மணம் இருக்குமென்று சனி பின்னேரம் முழுக்க சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். அந்த மணம் கழுவுப்படுகிற நேரத்தில் அவளுக்கு அழுகை வரும். இந்த மனுஷன் ஒரு சொல்லை விழுங்கினால் முடிகிற காரியம் இது என்று நினைப்பாள். கேட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. கேட்டு அவர் இல்லை என்றால், அந்த இரண்டு மணித்தியாலமும் போய்விடும்.

ஒரு நாள் புது ரோச்சைப் பரிசோதிக்கிறேன் என்று சோபாவுக்கு அடியில் அடித்துப் பார்த்தார் கதிர்காமநாதன். கையை விட்டு ஒன்றை எடுத்தார். பெருவிரலளவு மஞ்சள் சொக்ஸ்.



அவர் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "கள்ளனுக்குக் கால் சின்னன்போல" என்றார். "இதைத் தோய்ச்சு, எடுத்த இடத்திலயே போட்டுவிடும். சாட்சி. அவன் தேடி வருவான்."

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. அலுமாரி லாச்சிக்குள் பதினொரு ரோச் சேர்ந்தது. துவக்கு மட்டும் வரவில்லை. அடுத்த சித்திரையில் வந்தது வேறொரு செய்தி. கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. மியூனிக் பக்கம். அறுநூறு கிலோமீற்றர்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை லொறி வருதம்மா" என்றாள் சுலோஜனா தொலைபேசியில். "இனிச் சனிக்கு வரேலாது. வாற சனிதான் கடைசி."

"ஓம் பிள்ளை."

"நான் ஒண்டு நினைச்சிருக்கிறன். நாளண்டைக்கு அப்பா வரும் மட்டும் நிக்கப்போறன். நிருவைக் கையில குடுக்கப்போறன். ஏசினா ஏசட்டும்."

பாலாம்பிகைக்கு நெஞ்சு நிறைந்தது. பேத்தியைக் கண்டால் கல்லும் கரையும். வரட்டும், நிற்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதிர்காமநாதன் வேலையால் வந்து கதிரையில் இருந்தார். வழமையைவிட முகம் இறுகியிருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"சைற்றும் தெரிஞ்சாச்சு. லைற்றும் தெரிஞ்சாச்சு" என்றார். "நாளைக்குக் கடைசி. நாளையோட எல்லாத்துக்கும் ஒரு முடிவு."

"என்ன முடிவு?"

"நாளைக்கு நான் வேளைக்கே வந்திடுவன். நீர் உழுந்து ஊறப்போடும், வடை சுடுவம். நிறையச் சுடும்."

"ஆருக்கு?"

"துவக்குக்காரக் கிழவனுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். கெல்லர் படியில் நின்று லைற் பற்றுகிறதா என்று இரண்டு தரம் கையாட்டிப் பார்த்தார்.

குசினி யன்னலால் பாலாம்பிகை அதைப் பார்த்தாள். துவக்குக்குக் கடிதம் வந்துவிட்டது. நாளைக்கு இந்த மனுஷன் துவக்கோடு வேளைக்கே வரப்போகிறார். மகள் கைக்குழந்தையோடு நடுவீட்டில் நிற்கப்போகிறாள். சுடுவாரா? சுடமாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நம்பிப் பேத்தியைக் கூப்பிட முடியுமா?

சனி காலமை வடை சுட்டு முடித்த கையோடு மகளுக்கு போன் எடுத்தாள்.

"இண்டைக்கு வராதை பிள்ளை."

"ஏனம்மா?"

"கொப்பர் துவக்கு வாங்கிட்டார்."

சுலோஜனா கேட்டாள். "எனக்கோ அம்மா? அவ்வளவுக்குக் கோவமோ இன்னும்?"

"கள்ளனுக்குத்தான். ஆனா..."

"சரியம்மா. நான் வரேல்லை. இனி வரவும் மாட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ" என்று அழுகையோடு போனை வைத்தாள் மகள்.

ஒன்றே முக்காலுக்குக் கதிர்காமநாதன் வடைப் பெட்டியோடு காரில் வெளிக்கிட்டார். பாலாம்பிகை தனியே வீட்டில் நடந்தாள். மகள் இல்லாத சனிக்கிழமை இரண்டு மணி இத்தனை நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இரண்டரை ஆனபோது ஒரு முடிவுக்கு வந்தாள். கடைக்கே போய்க் காலில் விழுந்தாவது அந்தக் கிழவனிடம் துவக்கைக் கொடுக்காதே என்று சொல்லவேண்டும். துவக்கு இல்லையென்றால் மகளை இன்றைக்கு இரவாவது கூப்பிடலாம். கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு ஓடினாள். பஸ் ஒன்று அவள் கண்முன்னே போனது. மற்றது வந்து கடைவாசலில் இறங்க மூன்றேகால்.

கடைக்குள் யாரும் இல்லை. ஹெர் ப்றிங்க்மான் மேசைக்குப் பின்னால் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யன்னலோரம் ஒரு மரக்கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"நான் கதிர்காமநாதனின் மனைவி" என்றாள் பாலாம்பிகை, தெரிந்த ஜேர்மனில். "அவர் எங்கே?"

"ஓ, நீங்களா?" கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவர் இரண்டரைக்கே போய்விட்டாரே. இப்போது வீட்டில் இருப்பார். நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள்?"

"துவக்கையும் கொண்டு போய்விட்டாரா?"

ஹெர் ப்றிங்க்மான் அவளை விளங்காமல் பார்த்தார்.

"எந்தத் துவக்கு, அம்மா? கள்ளனுக்கென்று இந்த நாட்டில் துவக்கு கிடைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்; அதற்கு அவர், 'நான் வீட்டில் நின்றால் என் பிள்ளை வரமாட்டாள், சனிக்கிழமை நாலு மணிவரை இந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போகிறேனே' என்று கேட்டார், ஒன்றரை வருஷமாக இருந்தார், இன்றைக்குக் கடைசி நாள் என்று அடுத்த மெஷின்காரர் சொன்னாராம், அவளுக்கு முன்வாசலைத் தன் கையாலேயே திறந்துவிட வேண்டுமென்று ஓடினார்."